அடிமனையில் கட்டின மென்பொருள்

பொட்டி தட்டுற வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடும். "சரிப்பா, அதுல நீ என்னதான் பண்றே?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் நாக்கு தடுமாறும். புனேயில் இந்தத் தொழிலில் 18 வருடம் ஓடிவிட்டது. அதில் பாதிக்கு மேல் நான் பிடுங்கிய ஆணி ஒன்றே ஒன்றுதான்: பழைய வலை மென்பொருளைப் பிரித்து, புது இடத்தில் திரும்பக் கட்டிக் கொடுப்பது. புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. இன்றைக்கு ஓடுவது நாளைக்கும் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு வேலை உருவானதற்குப் பின்னால் 25 வருடக் கதை இருக்கிறது. கணினி ஆசாமிகள் இல்லாதவர்களுக்கும் புரியும்படி அதை ஒருதரம் எழுதிவைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

வெள்ளைத் திரை காலம்

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 1990களின் கடைசியில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் மொத்தமும் மறைந்து வெள்ளைத் திரை வரும். பிறகு மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பக்கம் இறங்கும். வலைப்பக்கம் என்பதே முதலில் படிப்பதற்காக உண்டான தாள். அதில் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் பக்கத்துக் கட்டம் தானாக மாறுகிற வித்தையெல்லாம் சுலபத்தில் நடக்காது. விண்டோஸ் மென்பொருளில் சாதாரணமாக நடந்த காரியம் வலையில் பெரும்பாடாக இருந்தது.

இந்தக் குறையை அடைக்க வந்தவைதான் ப்ளக்-இன்கள். பிரவுசருக்குள் ஒரு செவ்வக இடத்தை ஒதுக்கி, "இதற்குள் நீ என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள்" என்று வேறொரு நிரலிடம் விட்டுவிடுவது. 1995ல் சன் நிறுவனத்தின் ஜாவா ஆப்லெட் வந்தது. 1996ல் ஜொனாதன் கே இருந்த ஃப்யூச்சர்வேவ் என்கிற சின்ன நிறுவனம் ஃப்யூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று ஒன்றை வெளியிட்டது. அந்த வருடக் கடைசியிலேயே மேக்ரோமீடியா அதை வாங்கி, பெயரையும் சுருக்கியது: ஃப்ளாஷ்.

முதலில் அது பொம்மை ஆட்டத்துக்குத்தான். பிறகு மேக்ரோமீடியாவுக்கு யோசனை வந்தது: பொம்மையை ஆட்டுகிற இயந்திரத்தால் விண்ணப்பப் படிவத்தையும் ஆட்ட முடியுமே? 2002ல் அவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்தான் 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்'. 2004ல் அதற்கென்றே ஃப்ளெக்ஸ் வந்தது. 2005 கடைசியில் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிவிட்டது. 2006ல் ஃப்ளெக்ஸ் 2 வந்தபோது எங்களைப் போன்ற நிரலர்களுக்கு உண்மையாகவே கண் விரிந்தது.

காரணம் சொல்கிறேன். அப்போது வலையில் பெரிய தலைவலி பிரவுசர்கள்தான். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001ல், 7 வந்தது 2006ல். நடுவில் ஐந்து வருடம் ஒரே பழைய வண்டி. அதில் சரியாகத் தெரிகிற பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் கோணிக்கொள்ளும், அதில் சரிசெய்தால் இதில் கோணும். ஃப்ளாஷ் பிளேயருக்குள் எழுதிவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடும். ஆயிரக்கணக்கான வரிசை உள்ள பட்டியலை இழுக்கலாம், வரைபடம் போடலாம், வெள்ளைத் திரை கிடையாது. வங்கி, காப்பீடு, பங்குச்சந்தை என்று எல்லோரும் உள்அலுவலக மென்பொருளை இதில் கட்டச் சொன்னார்கள். 2007ல் மைக்ரோசாஃப்ட்டும் சில்வர்லைட் என்று தன் பங்குக்கு ஒன்றை இறக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை அமெரிக்காவின் என்பிசி இணையத்தில் காட்டியது அதை வைத்துத்தான்.

வீடு உன்னுது, மண்ணு அவனுது

ஸ்ரீரங்கம், கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு 'அடிமனை' என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காக: கட்டிடம் உங்களுடையது, அது நிற்கிற மண் கோயிலுடையது. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கலாம், மாடி எடுக்கலாம், டைல்ஸ் போடலாம். ஆனால் மண்ணின் மீது உங்களுக்குப் பேச்சு கிடையாது.

ஃப்ளாஷிலும் சில்வர்லைட்டிலும் கட்டினதெல்லாம் அடிமனை வீடுதான். நிரல் நம்முடையது. அது ஓடுவதற்கு வேண்டிய பிளேயர் ஒரே ஒரு நிறுவனத்தின் சொத்து. வாடகை கேட்கவில்லை, இலவசம்தான். அதனால்தான் மண் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் விரிசல் 2007ல். ஆப்பிளின் ஐபோன் ஃப்ளாஷ் இல்லாமலே வந்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் ஃப்ளாஷை அனுமதிக்கவில்லை என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில் ஓட்டை, ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்று. ஆப்பிளே தன் மண்ணை இறுக்கிப் பிடிக்கிற நிறுவனம்தான் என்பது வேறு விஷயம். ஆனால் சொன்ன குறைகளில் உண்மை இருந்தது. 2011 நவம்பரில் அடோபி கைபேசிக்கான ஃப்ளாஷ் பிளேயரை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதம் ஃப்ளெக்ஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப் போவதாகவும் சொன்னது. எங்கள் தளத்தில் அன்றைக்கு டீ இடைவேளை ஒரு மணிநேரம் நீண்டது.

பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. 2015 செப்டம்பரில் வந்த குரோம் 45, பழைய ப்ளக்-இன் வழியை மொத்தமாக மூடியது. ஜாவா ஆப்லெட்டும் சில்வர்லைட்டும் குரோமில் அத்தோடு சரி. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் ஃப்ளாஷ் தவிர மற்றதுக்குக் கதவடைத்தது. 2017 ஜூலையில் அடோபி தேதி குறித்தது: 2020 டிசம்பர் 31. சொன்னபடி நிறுத்தியது மட்டுமில்லை, 2021 ஜனவரி 12 முதல் ஏற்கெனவே நிறுவியிருந்த பிளேயரும் ஃப்ளாஷ் கோப்பை ஓட்ட மறுத்தது. சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரில் ஆதரவு முடிந்தது.

நம் நாட்டில் இதை முதலில் உணர்ந்தது ஆடிட்டர்களும் டெண்டர் போடுகிறவர்களும் என்பேன். டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனில் இருக்கும். சாதாரண வலைப்பக்கத்தால் அந்த டோக்கனைத் தொட முடியாது, தொடவும் கூடாது. அந்தப் பாலத்தை அரசுத் தளங்கள் பலவற்றில் ஜாவா ஆப்லெட் போட்டுக்கொண்டிருந்தது. ஆப்லெட் போனதும், பழைய பிரவுசரைக் கடவுள் படம் மாதிரி ஒரு கணினியில் பாதுகாத்து வைத்த அலுவலகங்கள் உண்டு. கணினியிலேயே தனியாக ஒரு சின்ன நிரலை நிறுவி, பக்கம் அதனோடு பேசுகிற ஏற்பாடு வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

புது மண் எப்படி உருவானது

இடிந்த கதை மட்டும் சொன்னால் பாதி. மறுபக்கம் வலையே மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் தகவல் வாங்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் வலை அஞ்சலுக்காகச் செய்து, 1999ல் எக்ஸ்புளோரர் 5ல் வைத்தது. அதன் மதிப்பு ஊருக்குத் தெரிய 2004ல் ஜிமெயிலும் 2005ல் கூகுள் மேப்ஸும் வர வேண்டியிருந்தது. 2005ல்தான் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் அதற்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். படம் வரைய கேன்வாஸ், வீடியோவுக்குத் தனிக் குறிச்சொல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2014 அக்டோபரில் ஹெச்டிஎம்எல்5 முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் யூடியூப் ஃப்ளாஷை விட்டு அதற்கு மாறியது.

ஆக, மண் தயார். சாமானை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே? அங்கேதான் எங்கள் பிழைப்பு ஆரம்பம்.

குடிமாற்றம்

வழிகள் மூன்று. முதலாவது, இயந்திரத்தை வைத்து மாற்றுவது. ஃப்ளாஷ் கோப்பை ஹெச்டிஎம்எல்5 ஆக்க கூகுள் 2011ல் ஸ்விஃபி என்று ஒன்று விட்டது, 2016ல் நிறுத்தியது. சின்ன விளம்பர அசைவுப் படங்களுக்கு சரி, 300 திரை உள்ள காப்பீட்டு மென்பொருளுக்கு உதவாது. இரண்டாவது, பழையதை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது. தென்னாப்பிரிக்க வரித்துறை 2021 ஜனவரியில் ஃப்ளாஷ் படிவங்களை நிரப்புவதற்காகவே தனியாக ஒரு பிரவுசர் வெளியிட்டது. சிரிக்காதீர்கள், வரி கட்டுகிற மக்களைத் தெருவில் விடாமல் இருக்க அவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த வழி அது. மூன்றாவது, திரும்ப எழுதுவது. பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர்ந்தது இதற்குத்தான். விஎம்வேர் மாதிரி பெரிய நிறுவனமே 2012ல் ஃப்ளெக்ஸில் கட்டிய நிர்வாகத் திரையை 2016லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, 2020ல்தான் ஃப்ளாஷை முழுதாகக் கழற்றியது.

திரும்ப எழுதுவதில் சிரமம் திரையில் இல்லை. பொத்தான், பட்டியல், வண்ணம் எல்லாவற்றையும் நல்ல பையன்கள் நாலு பேர் சில மாதத்தில் போட்டுவிடுவார்கள். சிரமம் எழுதப்படாத விதிகளில். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஃப்ளெக்ஸ் திரையை நாங்கள் மாற்றினோம். அதில் சில வரிசைகள் மஞ்சளாகும். ஏன் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. முதலில் எழுதிய குழு எப்போதோ கலைந்துவிட்டது. கடைசியில் அந்த அலுவலகத்தில் 30 வருடம் வேலை பார்த்து ஓய்வுக்கு சில மாதமே இருந்த ஒரு பெரியவரிடம் போய் நின்றோம். எல்லோரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தப்பா. "செக் வந்துடுச்சு, காசு இன்னும் வங்கியிலிருந்து வரலை, அதான் மஞ்சள். மஞ்சள்ல ஒப்புதல் பொத்தானை அழுத்தினா அழுந்தும், ஆனா ஒண்ணும் நடக்காது" என்றார். அந்த 'ஒன்றும் நடக்காது' என்பதும் ஒரு விதி! அதைத் தெரியாமல் மாற்றியிருந்தால், காசு வராத பாலிசிக்கெல்லாம் ஒப்புதல் விழுந்திருக்கும். நாங்கள் மூன்று வாரம் காகா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து எழுதினோம். ஒரு நோட்டு நிரம்பியது. என்னைக் கேட்டால் அந்த நோட்டுதான் மென்பொருள். மீதி தட்டச்சு.

இன்னொன்று தேதி. ஃப்ளெக்ஸ் தகவல் அனுப்ப ஏ.எம்.எஃப் என்ற முறையைப் பயன்படுத்தும். அதில் தேதி என்பது உலகப் பொது நேரக் கணக்கில் ஒரு எண்ணாகப் போய் வரும். புது முறையான ஜேசனில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது, எழுத்தாகத்தான் போகும். இந்திய நேரம் ஏப்ரல் 1 நள்ளிரவு 12 மணி என்பது உலகப் பொது நேரத்தில் மார்ச் 31 மாலை 6.30. அதை எழுத்தாக்கி, தேதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஏப்ரல் 1ல் பிறந்தவர் மார்ச் 31ல் பிறந்தவராகிவிடுவார். ஒருநாள்தானே என்று விட முடியாது. காப்பீட்டில் வயது மாறினால் பிரீமியம் மாறும். சோதனைக் கட்டத்தில் இதைப் பிடித்தது நாங்கள் தாயி என்று கூப்பிடும் ஒரு மராத்திக்கார அக்கா. எப்படிப் பிடித்தார் தெரியுமா? தன் மாமியாரின் பிறந்த தேதியை உள்ளிட்டுப் பார்த்தாராம். "அவங்க பொறந்தநாளை ஒருநாள் தள்ளிச் சொன்னா வீட்ல என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் :-)

மனிதர்களின் குடிமாற்றம்

மென்பொருளாவது கேட்காது, பேசாது. ஃப்ளெக்ஸ் மட்டுமே தெரிந்தவர்கள் நிலைமை வேறு. 2008, 2009ல் 'ஃப்ளெக்ஸ் தெரியுமா' என்று தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்தார்கள். நாலைந்து வருடத்தில் அதே சொல் பயோடேட்டாவில் பாரமானது. ஊரை விட்டு வந்து, இங்கே வீட்டுக் கடன் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு, தொழிலின் அடிமனை கைமாறினால் எப்படி இருக்கும் என்று நம் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்டைப் புதிதாகக் கற்றார். இன்னொருவருக்கு அந்தத் தெம்பு வரவில்லை, ஊருக்கே திரும்பிவிட்டார்.

கற்றவர்களுக்கும் நிம்மதி ரொம்ப நாள் இல்லை. பலர் போய்ச் சேர்ந்த இடம் ஆங்குலர்ஜேஎஸ். 2010ல் வந்தது. 2016ல் அதன் அடுத்த பதிப்பு பழையதோடு ஒட்டாத புது ஆளாக வந்தது. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸின் ஆதரவு 2021 டிசம்பர் 31ல் முடிந்தது. ஃப்ளாஷ் போய் சரியாக ஒரு வருடம்! அங்கிருந்து இன்னொரு குடிமாற்றம்.

அப்படியென்றால் என்ன வித்தியாசம், எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. ஆங்குலர்ஜேஎஸ்ஸில் கட்டியது ஆதரவு நின்ற மறுநாளும் ஓடியது. காரணம் அடியில் இருக்கும் மண் எல்லோருக்கும் பொதுவான தரம். 1991ல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் வலைப்பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. அதற்குப் பிறகு வந்து, வலையைவிட ஆயிரம் மடங்கு அழகாக ஆடிய ஃப்ளாஷ் பக்கம் திறப்பதில்லை. பொதுமண்ணில் வீடு பழசாகலாம், ஒழுகலாம், நமக்கு வசதியான நேரத்தில் பழுது பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட ஜனவரி காலையில் கதவு திறக்காமல் போகாது.

நம் மொழிக்கு நடந்தது

இந்தப் பாடத்தைத் தமிழ் வலை ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறது. ஆளுக்கொரு எழுத்துரு இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பத்திரிகையைப் படிக்க ஒரு எழுத்துருவை இறக்க வேண்டும், அடுத்ததுக்கு வேறு. எழுத்துரு இல்லையென்றால் திரையில் கம்பியும் கொக்கியும்தான். டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் என்று பல குறியாக்கங்கள் தாண்டி யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். அந்தக் குடிமாற்றம் பெரும்பாலும் பிழைத்தது. ஏனென்றால் எழுத்து எழுத்தாகவே இருந்தது. இந்த எண் இருந்தால் அந்த எழுத்து என்று ஒரு அட்டவணை போட்டு மாற்றிவிட முடிந்தது.

ஃப்ளாஷில் மாட்டிய தமிழுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. 2008 அக்டோபரில் பிளேயர் 10 வரும்வரை இந்திய எழுத்துகளைக் கோர்ப்பதில் அதற்குத் தகராறு. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால் பலர் தமிழை எழுத்தாக வைக்காமல் படமாக வரைந்து வைத்தார்கள். பார்க்க அழகு. தேடினால் கிடைக்காது, நகலெடுக்க முடியாது, அட்டவணை போட்டு மாற்றவும் முடியாது.

என் மகள் 'அ' எழுதக் கற்றது அப்படியொரு பக்கத்தில்தான். ஒரு எறும்பு புள்ளி புள்ளியாக நடக்கும், பின்னாலேயே எழுத்து உருவாகும். பள்ளியில் மராத்தியும் இந்தியும் படித்த பிள்ளைக்கு வீட்டில் தமிழ் சொல்லித்தர எனக்கும் என் மனைவிக்கும் கிடைத்த வாத்தியார் அந்த எறும்பு. யாரோ ஒரு தமிழர் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்து வைத்தது. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் குடிமாற்றம் செய்து தரக் காசு இருந்தது, நாங்கள் இருந்தோம். எறும்புக்கு யாரும் இல்லை. 2021 ஜனவரிக்குப் பிறகு அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம்.

முழுக்கக் கைவிட்ட கேஸ் இல்லை இது. ரஃபிள் என்றொரு திறந்த மூல நிரல் இருக்கிறது. பழைய ஃப்ளாஷ் கோப்புகளைப் ப்ளக்-இன் இல்லாமலே இன்றைய பிரவுசரில் ஓட்டும். 2020 நவம்பர் முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதை வைத்துப் பழைய ஃப்ளாஷ் ஆட்டங்களையும் படங்களையும் ஓட்டிக் காட்டுகிறது. எல்லாம் ஓடாது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3ல் எழுதிய சிக்கலானவை அங்கங்கே தடுக்கும். ஆனால் எழுத்து கற்றுத்தருகிற எளிய பக்கங்கள் பலவற்றுக்கு வாய்ப்பு நல்லாவே உண்டு. கோப்பு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும்போது பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்த தமிழ் ஆத்திசூடி, குறள், அரிச்சுவடி சிடிக்கள் பரண்மேல் இருக்கிறதா பாருங்கள். பழைய வன்தட்டில் எஸ்.டபிள்யூ.எஃப் என்று முடியும் கோப்பு இருக்கிறதா பாருங்கள். சிடி பூசணம் பிடிப்பதற்குள் ஒரு நகல் எடுத்து, ரஃபிளில் போட்டுப் பாருங்கள். நீங்களே அந்தக் காலத்தில் ஏதாவது செய்து வைத்தவர் என்றால், மூலக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரும்பக் கட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வார இறுதியில் நான் வருகிறேன். எறும்பு கிடைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் :-)